ஆவுளியா மேயும் கடலுக்கு ஒரு பயணம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வருடம் குழுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எங்கே போகலாம் என்று கேட்டிருந்தோம். வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் என்று பலர் சொன்னீர்கள். ஒரு குழுவில் மட்டும், "படகுல கூட்டிப் போயி திமிங்கலம் காட்டுறாங்களாமே, நாமளும் போனா என்ன?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி.

இலங்கையில் மிரிஸ்ஸா, திருகோணமலை பக்கம் அப்படிக் கூட்டிப் போகிறார்கள். அங்கே கரைக்குக் கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆழம். நம்ம பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். வெயில் தரை வரை இறங்குவதால் கடல்புல் வளருகிறது. அந்தப் புல்லை மேய்கிற பிராணிதான் கடல் பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள்.

இது மீன் இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். மூச்சு விட அடிக்கடி மேலே வர வேண்டும். வலையில் மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஒரு வருடத்துக்கு மேல் குட்டியைச் சுமக்கும். அடுத்த குட்டிக்குச் சில வருடம் ஆகும். அதனால் ஒன்று போனாலும் பெரிய நஷ்டம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இதுதான் முதலாவது.

"அதனால நமக்கு என்ன?" என்று கேட்கலாம். இறால், நண்டு, மீன் குஞ்சுகள் வளருவதும் அதே புல்லில்தான். மீன் கூடை தூக்கும் நம் உறுப்பினர்களின் பிழைப்பும் அங்கேதான் இருக்கிறது.

போகும் வழி இது. மீமிசலில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி வழியாக, சரபோஜி மன்னர் 1814-ல் கட்டிய மனோரா வரை. இன்னொரு நாள் தெற்கே தொண்டிப் பக்கம் காரங்காடு. அங்கே வனத்துறையோடு சேர்ந்து ஊர் மக்களே அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிக் காட்டுகிறார்கள். பெண்கள் கடல் உணவு சமைத்துக் கொடுக்கிறார்கள். நாம் கவனமாகப் பார்த்து வர வேண்டியது அந்தக் கணக்கு வழக்கைத்தான். நாளைக்கு நம் கரையிலும் பெண்கள் இதைச் செய்யலாம்.

படகில் ஏறினால் எல்லோரும் உயிர்காப்பு உடை போட வேண்டும். பிளாஸ்டிக் எதையும் கடலில் போடக் கூடாது. ஆவுளியா தெரிந்தால் படகை வேகம் குறைக்கச் சொல்லுங்கள். விரட்டிப் போகச் சொல்லக் கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போகவே கூடாது.

கண்ணில் படாமலே போகலாம். காசு வீண் என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர் ஆத்மநாதர் சந்நிதியில் உருவம் இல்லை, ஆவுடையார் மட்டும்தான். பார்க்க முடியலையே என்று யாரும் குறைப்பட்டுத் திரும்புவதில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று விஷயம் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாருங்கள்.

1. எத்தனை பேர் வருகிறீர்கள்?
2. சேமிப்பில் கை வைக்காமல், வாரம் பத்து ரூபாய் தனியாகப் போட முடியுமா?
3. வலையில் ஆவுளியா மாட்டினால், வலையை அறுத்தாவது உயிரோடு விடச் சொல்லி வீட்டு ஆண்களிடம் யார் யார் பேசுவீர்கள்?

மூன்றாவதற்குப் பஸ் காசு வேண்டாம். இன்றைக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம்.