ஏ.சி. பெட்டியும் எலுமிச்சம்பழமும்

(புளியந்தோப்பில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் சில தோழர்கள் சிரித்தார்கள். சாமியையும் சாதியையும் பற்றிப் பேசுகிறவர்கள் பிளக்கையும் ஒயரையும் பற்றிப் பேசக் கிளம்பிவிட்டார்களே, இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்றார்கள். சம்பந்தம் இருக்கின்றதா இல்லையா என்பதைக் கேட்டு முடித்துவிட்டு நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டியதில்லை.

சென்ற ஆடி மாதம் இந்தப் பக்கத்துத் தெரு ஒன்றில் நடந்ததைச் சொல்லுகின்றோம். ஒரு வீட்டில் கடன் வாங்கி ஏ.சி. வைத்தார்கள். அதை ஆடம்பரமென்று நாம் சொல்ல மாட்டோம். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில், சித்திரை வெயிலில் கிழவிக்கும் குழந்தைக்கும் தூக்கம் வேண்டாமா? பணக்காரனுக்கு மட்டுந்தான் வேர்க்குமா? வைக்கட்டும். ஆனால் எப்படி வைத்தார்கள்? இராகு காலம், எமகண்டம் பார்த்தார்கள். பெட்டிக்கு மஞ்சளைக் கரைத்துப் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். வெளியில் வைத்த பெட்டியில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். இவ்வளவும் செய்தவர்கள் ஒன்றை மாத்திரம் செய்யவில்லை. சுவரில் மூன்று துளைப் பிளக் பாயிண்டில் பெரிய துளைக்குப் பின்னால் ஒயர் இருக்கின்றதா என்று பார்க்கவில்லை. அங்கே ஒயரே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, வெளிப்பெட்டிக்குள் எலி புகுந்து ஒயரின் உறையைக் கடித்தது. செம்பு தகரத்தில் பட்டது. பெட்டி இருந்த இரும்புத் தாங்கி சன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியில்தான் கொடிக்கம்பியும் கட்டியிருந்தார்கள். அடுத்த வீட்டு அம்மாள் ஈரப் புடவையைக் காயப் போட்டவர் “ஐயோ” என்று தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்தது அவர் ரப்பர் செருப்புப் போட்டிருந்ததால். ஆனால் தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள்? “ஆடி மாசம், அம்மா இறங்கியிருக்கா” என்றார்கள். குறி சொல்லுகிறவனை அழைத்து வந்தார்கள். அவன் ஐந்நூறு ரூபாயும் ஒரு கோழியும் வாங்கிக்கொண்டு போனான். மறுநாளும் சன்னல் கம்பி சுருக்கென்றது. அதன் பிறகுதான் நம் தோழர் ஒருவர் போய் மெயினை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அம்மன் இல்லை, எலிப் புழுக்கை இருந்தது.

அந்தக் குறிகாரனை விடுங்கள். அது அவன் பிழைப்பு. நாம் வருந்துவது, மின்சாரம் நூறு வருஷத்துக்கு மேலாகப் பட்டணத்தில் இருந்தும், பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்தே வளர்ந்த இந்தப் பேட்டையிலும், அது என்னவென்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லையே என்பதற்காகத்தான். வேதத்தை நாம் படிக்கக் கூடாதென்று வைத்தார்கள் அல்லவா? அதைப் போலவே மெயின் போர்டையும் ஒரு கர்ப்பக்கிருகமாக்கி வைத்திருக்கின்றோம். பெண்கள் கிட்டேயே போகக் கூடாதாம். பகலெல்லாம் வீட்டில் இருக்கிறவர்கள் அவர்கள். ஆபத்து வந்தால் நிறுத்த வேண்டியவர்களும் அவர்கள்தாம்.

ஆகையால் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகின்றோம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஓர் ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மில்லி ஆம்பியர் என்று பேர். அதில் ஒரு பங்கு உடம்பில் ஓடினால் சுருக்கென்று தெரியும். பத்துப் பதினைந்து பங்கு ஓடினால் பிடித்த கையை விட முடியாது. கரண்ட் ஆளைப் பிடித்து இழுக்கின்றது என்று சொல்லுகிறார்கள். அது இழுப்பதுமில்லை, பேயாய்ப் பிடிப்பதுமில்லை. நமது கைச் சதையே சுருங்கி இறுகிக்கொள்ளுகின்றது. ஐம்பது, நூறு என்று ஏறினால் இருதயம் தாளம் தப்பித் துடித்து நின்றுவிடும். ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் எடுக்கின்றது. அதாவது ஏழாயிரம், எட்டாயிரம் பங்கு. மனிதனைக் கொல்ல அதில் நூறு பங்கு போதும்.

இங்கே பலர் ஏமாந்து போகிற இடம் ஒன்று உண்டு. “எங்கள் வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கின்றோம், பயமில்லை” என்கிறார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, உங்களையல்ல. இருபது ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழும். நீங்கள் நூறு மில்லி ஆம்பியரில் சாகும்போது அது அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். உங்களைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்பது. போன கரண்ட் அவ்வளவும் திரும்பி வருகின்றதா என்று அது கணக்குப் பார்க்கின்றது. 30 மில்லி ஆம்பியர் கணக்குத் தவறினால், எங்கேயோ யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகின்றது என்று, கண் மூடித் திறக்குமுன் நிறுத்திவிடும். அதில் ‘டி’ என்று எழுதிய பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது செத்த பெட்டி, மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சூடம் காட்டுகிற வீடு நமக்குத் தெரியும். அந்தப் பொத்தானை அங்கே ஒருவரும் அழுத்தியதில்லை.

எர்த் ஒயர் பச்சை நிறம். பிளக்கில் தடித்து நீண்ட முள் அதற்குத்தான். அது ஏன் நீளம்? சொருகும்போது அதுவே முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக. அந்த முள்ளை ஒடித்து இரண்டு துளையில் சொருகுகிற புத்திசாலிகள் நம்மில் இருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இப்போது குழாயில் பாதி பிளாஸ்டிக். அதில் கட்டுவதும் கட்டாமல் விடுவதும் ஒன்றே. ஏ.சி.யைச் சிறிய 6 ஆம்பியர் பாயிண்டிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டாதீர்கள். அதற்கென்று தனி ஒயர், தனி எம்.சி.பி. வேண்டும்.

சரி, ஏ.சி. கெட்டால் நாமே என்ன செய்யலாம்? அது குளிரை உண்டாக்கும் யந்திரமல்ல. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே இறைக்கிற பம்பு. ஒரு டன் என்பது பெட்டியின் எடையுமல்ல. ஒரு டன் ஐஸ் ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு சூட்டை வாங்குமோ அவ்வளவு சூட்டை இறைக்கும் என்று கணக்கு. 1902இல் அமெரிக்காவில் காரியர் என்கிற இஞ்சினியர் இதை ஏற்பாடு செய்தது ஓர் அச்சுக்கூடத்துக்காக. காகிதம் ஈரத்தில் நீண்டு நிறம் பிசகாமல் இருப்பதற்காக. காற்று தாராளமாய்ப் போகாவிட்டால் பம்பு இறைக்காது. ஆகவே முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்பெட்டியின் வடிகட்டி வலையைக் கழற்றித் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் போதும். உள்ளே தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அழுக்கால் அடைத்திருக்கும். அதன் வெளி முனையில் ஊதியோ உறிஞ்சியோ எடுத்துவிடலாம். இராயபுரம், எண்ணூர்ப் பக்கத்தவர்களுக்கு உப்புக்காற்று வேறு. வெளிப்பெட்டியின் தகடுகளை அரித்துவிடும். அவர்கள் அடிக்கடி நல்ல தண்ணீரால் அலசுவது நல்லது, பிளக்கைப் பிடுங்கிய பிறகு.

அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளிப்பெட்டியைத் திறக்காதீர்கள். அதில் கெப்பாசிட்டர் என்று ஓர் உருளை இருக்கின்றது. கம்பிரசர் முனகிக்கொண்டு ஓடாமல் நின்றால் பல சமயம் கெட்டது அதுதான், விலையும் சொற்பம். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கும். தொட்டால் அடிக்கும். அதை வடித்துவிட்டுத் தொடத் தெரிந்தவர் செய்யட்டும்.

கேஸ் விஷயத்தில் ஒரு பெரிய புரோகிதம் நடக்கின்றது. “கேஸ் தீர்ந்துபோச்சும்மா, ஏத்தணும்” என்று வருஷா வருஷம் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அடுப்புக் கேஸ் போல் இது எரிந்து தீருவதல்ல. அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகின்றது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கின்றது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் ஏற்றுவது சனிப்பெயர்ச்சிக்குப் பரிகாரம் செய்வதைப் போன்றதே. “ஓட்டை எங்கே, காட்டு” என்று கேளுங்கள். எல்லா மெக்கானிக்குகளையும் குற்றம் சொல்லவில்லை. வெயிலில் மூன்றாவது மாடிச் சன்னலில் கயிறில்லாமல் தொங்குகிறவர்கள் நம் பிள்ளைகள்தாம். இப்போது வருகிற ஆர்-32 கொஞ்சம் தீப்பிடிக்கும். ஆர்-290 என்பது புரொப்பேன், சமையல் கேஸின் இனம். எந்தக் கேஸ் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பற்றவைப்பு விளக்கை ஏற்றக் கூடாது. 2018இல் கோயம்பேட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் படுக்கையிலேயே இறந்தபோது, ஏ.சி. கேஸ் கசிந்ததால் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். மூடிய சிறு அறையில் தரையோடு தங்கி மூச்சுக்காற்றைத் தள்ளிவிடக்கூடியது. கசிவென்று சந்தேகம் வந்தால் சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

வெளிப்பெட்டி முப்பது நாற்பது கிலோ. 2021இல் இங்கே கே.பி. பார்க் குடியிருப்பில் கை வைத்தால் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. பூச்சில் மட்டும் போல்ட்டு நின்றால் அது ஒரு நாள் கீழே விளையாடும் பிள்ளை தலையில் இறங்கும். போல்ட்டு உள்ளே கெட்டிச் சுவரைப் பிடித்திருக்கின்றதா என்று கேளுங்கள்.

மழைக் காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017 நவம்பரில் கொடுங்கையூரில் மழைத் தண்ணீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில், விடியுமுன் வேலைக்குப் போன தூய்மைப் பணியாளப் பெண் தேங்கிய தண்ணீரில் கால் வைத்து இறந்தார். விதி என்றார்கள். தண்ணீரில் கரண்ட் விட்டது விதியா? புதைத்த கம்பியையும் பெட்டியையும் பார்க்க வேண்டிய வேலை ஒன்று உண்டு; அதைக் கேட்க வேண்டிய உரிமை நமக்கு உண்டு. கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்கள். ஆள் வரும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஒருவருக்கு அடித்துவிட்டால் கையால் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள், முடியாவிட்டால் உலர்ந்த கட்டையால் தள்ளுங்கள். சில ஊர்களில் மண்ணில் புதைக்கிறார்கள், சாணியில் கிடத்துகிறார்கள். பிழைக்க இருந்தவனையும் கொல்லுகிற காரியம் அது. மூச்சில்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு, நடு மார்பில் இரண்டு கையையும் வைத்து, இரண்டு அங்குலம் அமுங்கும்படி, நிமிஷத்துக்கு நூறு தரத்துக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். வண்டி வரும்வரை விடாதீர்கள். களைத்தால் அடுத்தவர் பிடித்துக்கொள்ளட்டும்.

இந்த மேஜையின்மேல் ஒரு மூன்று முள் பிளக்கைத் திறந்து வைத்திருக்கின்றோம், ஓர் ஆர்.சி.சி.பி.யும், எலி கடித்த அந்த ஒயரும் இருக்கின்றன. அழுத்திப் பழகத் தலையணை ஒன்றும் கொண்டுவந்திருக்கின்றோம். கூட்டம் கலையுமுன் ஒவ்வொருவராய் வந்து தொட்டுப் பாருங்கள். தாய்மார்கள் முதலில் வரட்டும்.