சிறுநீர்க் கசிவை மறைத்து வாழ வேண்டாம்

(தோட்டப் பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய சுகாதாரப் பேச்சு)



இன்றைக்குப் பேசப் போகிற விஷயத்தைக் கேட்டதும் சிலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. சிரிக்கிறவர்களிலேயே சில பேருக்கு இந்தத் தொல்லை இருக்கும். சிரிக்கும்போது, இருமும்போது, தும்மும்போது, கொழுந்துக் கூடையைத் தூக்கும்போது நம்மை அறியாமல் சிறுநீர் கசிந்துவிடுகிறதே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். வேறு சிலருக்கு ‘வருது’ என்று நினைத்த உடனேயே அடக்க முடியாது. கக்கூசுக்குப் போய்ச் சேருமுன்னே சேலை நனைந்துவிடும்.

இது ஊரில் ஒருத்திக்கு மட்டும் வருகிற அதிசயம் இல்லை. பிள்ளை பெற்ற தாய்மாரிலும் வயது போனவர்களிலும் நிறையப் பேருக்கு இருக்கிறது. பாவம் செய்ததால் வந்தது, செய்வினையால் வந்தது என்று சொல்வதெல்லாம் வீண் பேச்சு. உடம்பில் ஒரு தசை தளர்ந்தால் வருவது, சிறுநீர்ப்பை கோளாறு பண்ணினால் வருவது. முழங்கால் வலியை வெளியே சொல்கிறோம், இதை மட்டும் மறைக்கிறோம்.

மறைப்பதால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நனைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு அக்கா காலையில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போகிறார். மலையில் ஒதுங்க இடமில்லை, பக்கத்தில் கங்காணி நிற்கிறார். அதனால் வேலை முடியும் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கிறதில்லை. கோயில் திருவிழாவுக்குப் போவதில்லை. பஸ்ஸில் தூரம் போக வேண்டும் என்றால், சொந்த அண்ணன் வீட்டுக் கலியாணத்துக்கும் ‘தலைவலி’ என்று சொல்லி நின்றுவிடுகிறார். கடைசியில் வேலைக்கும் ஒழுங்காகப் போக முடியாமல் பேர் குறைகிறது. ஒரு சின்னத் தசையின் தளர்ச்சி ஒரு மனுஷியை லயக் காம்பராவுக்குள்ளே அடைத்துப் போடுகிறது. இப்படிப்பட்ட அக்காமாரை நான் பல தோட்டங்களில் கண்டிருக்கிறேன்.

இது ஏன் வருகிறது? பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற தொட்டில் சேலையை நினைத்துப் பாருங்கள். புதுச் சேலை இறுக்கமாகத் தாங்கும். நாலைந்து பிள்ளைகளை ஆட்டிய பிறகு அது தொய்ந்துவிடும். நம் இடுப்புக்கு அடியிலும் தொட்டில் சேலை மாதிரி ஒரு தசை இருக்கிறது. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்குவது அதுதான். பிள்ளைப்பேறு, பாரம் தூக்குதல், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், மாதவிடாய் நின்றுபோகிற வயது, இவை எல்லாம் சேர்ந்து அதைத் தொய்யப் பண்ணுகின்றன. அடுப்புப் புகையும் பீடிப் புகையும் இருமலைக் கூட்டும். ஒவ்வொரு இருமலும் அந்தத் தசையில் விழுகிற அடி.

சீனி வியாதி இருந்தாலும் சிறுநீர் அடிக்கடி போகும். சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றினால் எரிச்சலும் அவசரமும் வரும். வயதான ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைக்கும். சொட்டுச் சொட்டாகப் போகும், இரவில் நாலைந்து தடவை எழும்ப வேண்டி வரும். ஆகவே அண்ணன்மாரே, இது பொம்பிளைகள் சமாச்சாரம் என்று எழுந்து போய்விடாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, தசைக்குப் பயிற்சி. 1948ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆர்னல்ட் கீகல் என்ற பெண் நோய் டொக்டர் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார். காசு செலவில்லை, மருந்தும் இல்லை. சபையில் இருக்கும்போது வாயு பிரியப் பார்த்தால் எப்படி இறுக்கி அடக்குவீர்கள்? அதே தசையை உள்ளே, மேலே இழுத்து இறுக்குங்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம், மூச்சையும் அடக்க வேண்டாம். ஐந்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து, ஐந்து எண்ணும் வரை தளர விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகிய பிறகு பத்து எண்ணும் வரை பிடிக்கலாம். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதும், பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் செய்யலாம், பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் சிறுநீர் போகும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், அது நல்லதல்ல. இருமல் வரும்போதும் கூடையைத் தூக்கும்போதும் முதலில் இறுக்கிக்கொண்டு பிறகு செய்யுங்கள்.

‘ஒரு வாரம் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. கவ்வாத்து வெட்டிய மலை அடுத்த வாரமே கொழுந்து தருமா? இதற்கும் மூன்று மாதமாவது வேண்டும். விடாமல் செய்தவர்களில் பலருக்கு நல்ல குணம் கிடைக்கிறது.

இரண்டாவது, சிறுநீர்ப்பைக்குப் பழக்கம். அவசரமாக வருகிறவர்கள் அடிக்கடி ஓடி ஓடிப் போனால், சிறுநீர்ப்பை கொஞ்சம் சேர்ந்ததுமே கூப்பிடப் பழகிவிடும். ஆகவே அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, தசையை இறுக்கி, மனதை வேறு பக்கம் திருப்பி ஐந்து நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் பத்து நிமிஷம். மெதுமெதுவாகக் கூட்டி, மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்ற அளவுக்குக் கொண்டு வரலாம்.

மூன்றாவது, தண்ணீரை நிறுத்தாதீர்கள். தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் தடித்து, மஞ்சளாகி, சிறுநீர்ப்பையை எரிய வைக்கும். அவசரம் கூடும், கிருமியும் தொற்றும். ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டுக் கோப்பை வரை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் குடியுங்கள். இருதயம் அல்லது சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். படுக்கப் போவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பு குறைத்துக்கொள்ளலாம். நாம் பறிக்கிற கொழுந்திலே கஃபீன் என்ற சத்து இருக்கிறது, அது சிறுநீர்ப்பையைத் தூண்டும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை; கடும் சாயத்தைக் குறையுங்கள், பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம். சாராயமும் கசிப்பும் இந்தத் தொல்லையைக் கூட்டும். கீரை, பப்பாசி, வாழைப்பழம் சாப்பிட்டு மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, சுத்தம். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து நாலைந்து மடிப்பாக மடித்து வைத்துக்கொள்ளலாம். மலைக்குப் போகும்போது சோற்றுப் பையில் இரண்டு மாற்றுத் துணியும், ஈரத் துணியைப் போட ஒரு பையும் இருக்கட்டும். நனைந்த துணியோடு நாள் முழுக்க நிற்காதீர்கள், தோல் புண்ணாகிவிடும். கழுவித் துடைத்துக் காய விட்டு, தேங்காய் எண்ணெய் இலேசாகத் தடவுங்கள். துணியைச் சவர்க்காரம் போட்டு அலசி வெயிலில் காயப் போடுங்கள். வெட்கப்பட்டு இருட்டு மூலையில் ஒளித்துக் காயப் போட்டால் ஈரம் போகாது, வாடையும் கிருமியும் தங்கும். மழை மாதத்தில் ஸ்திரிக்கைப்பெட்டி போட்டுக் காய வைக்கலாம்.

இனி, டொக்டரிடம் போவது. தோட்ட டிஸ்பென்சரியில் ஆண் டொக்டர் இருக்கிறார், எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். முதலில் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். ‘இருமினால் சிறுநீர் கசியுது, ஆறு மாசமா இருக்குது’ என்ற ஒரு வசனம் போதும், மற்றதை அவரே கேட்டுக்கொள்வார். நம் நாட்டில் 1996 முதல் 35 வயது தாண்டிய பெண்களுக்கென்று சுவநாரி கிளினிக் நடத்தி வருகிறார்கள். அங்கே சீனி, பிரஷர், கருப்பை வாய் எல்லாம் பரிசோதிப்பார்கள். இந்த விஷயத்தையும் அங்கே தயங்காமல் சொல்லலாம். கருப்பை இறங்கியிருந்தால் வளையம் வைத்தோ ஒபரேஷன் செய்தோ சரிப்படுத்த வழி இருக்கிறது. பிரஷர் மருந்து சிலது சிறுநீரைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்தாமல், எந்த நேரம் குடிப்பது என்று கேளுங்கள்.

சிறுநீரில் இரத்தம் கண்டால், காய்ச்சலோடு முதுகு வலி வந்தால், சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டால், கால் மரத்துப்போய்க் கட்டுப்பாடு திடீரென்று போனால், ஒரு நாள்கூடப் பொறுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக, வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே காம்பராவில் எல்லோரும் படுக்கிறோம். ராத்திரியில் பாட்டி படுக்கையை நனைத்துவிட்டால் மருமகளுக்குக் கோபம் வரும். விடிந்தால் அவள்தான் மலைக்கும் போக வேண்டும், துணியும் துவைக்க வேண்டும். அவள் கஷ்டமும் உண்மைதான். ஆனால் ‘நாத்தம் பிடிச்ச கிழவி’ என்ற ஒரு சொல் அந்தப் பாட்டியின் சோற்றையும் தண்ணீரையும் நிறுத்திவிடும். பேசாமல் மூலையில் சுருண்டுவிடுவார். ஒரு காலத்தில் இதே பாட்டிதானே உங்கள் புருஷனின் ஈரத் துணியை முகம் சுளிக்காமல் அலசினார்?

அண்ணன்மாரே, இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. துவைக்கிற வேலையில் பாதியை நீங்கள் எடுங்கள். கக்கூசுக்குப் போகிற பாதையில் படி வெட்டி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பு நட்டு, ராத்திரிக்கு டோர்ச் ஒன்றைக் கைக்கெட்ட வையுங்கள். நடக்க முடியாதவர்களுக்குப் பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் துளை வெட்டி, கீழே வாளி வைத்து, ஒரு சேலையால் மறைப்புக் கட்டிக் கொடுங்கள். மெத்தைக்கு மேலே பொலித்தீன் விரித்து அதன் மேல் துணி போட்டால் துவைக்கிற வேலையும் பாதியாகும். இரவில் நனைக்கிற சின்னப் பிள்ளையையும் அடிக்காதீர்கள், அது வேண்டுமென்று செய்வதில்லை.

தாய்மாரே, மலையில் ஒதுங்க ஒரு மறைவிடம் வேண்டும் என்று தலைவர்மாரிடமும் தோட்டத்து நிர்வாகத்திடமும் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்க வெட்கமாக இருந்தால் பத்துப் பேராகப் போங்கள். கூட்டம் முடிந்த பிறகு மருத்துவமாது இங்கேதான் இருப்பார். தனியாகப் பேச விரும்புகிறவர்கள் உள் அறைக்கு வரலாம், கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம்.