பெயர் வெட்டாத கைகள்

அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்தின் ‘1851 நேவி’ ரிவால்வரின் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி ஓடும். 1843 மே 16 அன்று டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிய போர் அது. கூடவே ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞரின் பெயரும் இருக்கும். அவர் வெட்டிக் கொடுத்தது எஃகு அச்சு ஒன்றைத்தான்; எந்திரம் அதை உருளைமேல் உருட்டிப் பதித்தது. இப்படி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் அவர் பெயர் ஏறிவிட்டது. ஆனால் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, துப்பாக்கி துப்பாக்கியாகக் கொடிக்கருக்கு வெட்டியவர்கள் பலர் தங்கள் பெயரை எங்கும் வெட்டவில்லை. அந்தக் கைகளை அடையாளம் காண்பது அருமையான கலை.

புதிதாகப் பார்ப்பவர் கண் கழுகிலும் மானிலும் வேட்டை நாயிலும் போய் நிற்கும். அவை அதிகம் உதவாது. கஸ்டவ் யங், நிம்ஷ்கே போன்ற செதுக்குக் கலைஞர்கள் ஜெர்மானிய மரபில் வந்தவர்கள்; ஒரே வகை உருவங்களைப் பலரும் வெட்டினார்கள். யார் கை என்பது, எவரும் ரசிக்காத இடத்தில்தான் தெரியும். சுருளின் நுனி உருண்டு முடிகிறதா, கூராக முடிகிறதா? இலைக்கு நிழல் தரும் கோடுகள் எத்தனை நெருக்கம்? பின்னணியில் புள்ளி குத்தியிருக்கிறதா, குறுக்குக்கோடு போட்டிருக்கிறதா? படத்தைப் பார்த்து வெட்டிவிடலாம். கைப்பழக்கத்தை அப்படி வாங்க முடியாது.

இதற்கெல்லாம் முன்பு, வேலைப்பாடு துப்பாக்கியின் காலத்தைச் சேர்ந்ததுதானா என்று பார்க்க வேண்டும். எஃகைக் கடினமாக்குவதற்கு முன்பே செதுக்கிவிடுவார்கள். தொழிற்சாலை பதித்த எழுத்தை ஒரு கொடி வெட்டிக்கொண்டு போனால், பின்னாளில் செதுக்கியதோ என்று சந்தேகப்படத்தான் வேண்டும்.

லூயிஸ் நிம்ஷ்கேயின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1832இல் ஜெர்மனியில் பிறந்து, நியூயார்க்கில் தொழில் செய்து, 1904இல் மறைந்தவர். கோல்ட், வின்செஸ்டர் என்று பல நிறுவனத் துப்பாக்கிகளிலும் அவர் வேலை உண்டு, பெரும்பாலானவற்றில் ஒப்பமில்லை. ஆனால் தாம் செதுக்கியவற்றின்மேல் மை தடவி, தாளை அழுத்திப் பதிவு எடுத்து, ஓர் ஏட்டில் சேர்த்துவைத்தார். துப்பாக்கி வரலாற்று நூலாசிரியர் ஆர். எல். வில்சன் அதை 1965இல் நூலாக்கினார். அதன்பின் ஊர்பேர் தெரியாமல் கிடந்த துப்பாக்கிகளை அந்தப் பக்கங்களோடு ஒப்பிட்டு, கோட்டுக்குக் கோடு பொருத்திப் பார்க்க முடிந்தது. தம் வேலையை மதித்த ஒரு தொழிலாளி நமக்கு விட்டுச்சென்ற பெரிய சான்று அது.

எல்லாருக்கும் அப்படி ஏடு இல்லை. கூனோ ஹெல்ஃப்ரிக்ட் 1871 முதல் 1921 வரை கோல்ட் செதுக்குப் பிரிவின் தலைவராக இருந்தார். அவருக்குக் கீழே உதவியாளர்களும் வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கி ஒவ்வொன்றையும் அவர் கையால் செய்தது என்று சொல்லிவிட்டால் விலை ஏறும். உதவியாளனின் உழைப்பு இன்னொரு முறை மறைந்துபோகும்.

ஆகவே ஒப்பமோ பதிவோ கிடைக்காதபோது, இன்ன பட்டறை, இன்ன காலம் என்று எழுதிவிட்டு, பெயருக்கான இடத்தை வெறுமையாக விடுவதே சரியான மதிப்பீடு.