பியூர் டேட்டா: இரவல் பெட்டிகளும் சொந்தப் பெட்டிகளும்

இன்னைக்கு நாம பேசப் போறது பியூர் டேட்டா பத்தி. சுருக்கமா 'பிடி'ன்னு சொல்வாங்க. இதுல நிரலை வரிவரியா எழுதறதில்ல. திரையில பெட்டிகளை வைக்கிறோம், வயர் இழுத்து ஒண்ணோட ஒண்ணு இணைக்கிறோம், சத்தம் வருது. அப்படிச் செஞ்சு முடிச்சதுக்குப் பேர் பேட்ச்.

இதை எழுதினவர் மில்லர் பக்கெட். 1980-களில் பாரிஸ்ல இருக்கற இர்காம் ஆய்வு மையத்துல மேக்ஸ் என்ற மென்பொருளைத் தொடங்கி வச்சவரும் இவர்தான். மேக்ஸ் இன்னைக்குக் காசு கொடுத்து வாங்கற மென்பொருள். அதே யோசனையை 1990-களின் நடுவில் அவர் புதுசா, திறந்த மூலமா எழுதினதுதான் பிடி.

அடிப்படை பிடி வேணும்னேதான் சின்னதா இருக்கு. ஒலி எழுப்ப, வடிகட்ட, தாமதப்படுத்த, எண்களைக் கையாள பெட்டிகள் இருக்கு. அதுக்கு மேல வேணும்னா ஆட்-ஆன் சேர்க்கணும். பிடி உலகத்துல இதுக்கு எக்ஸ்டர்னல்னு பேர். மேக்ஸ்ல இருக்கற பெட்டிகளைப் போலவே வேணுமா? சைக்ளோன் இருக்கு. காட்சிகளும் வேணுமா? ஜெம் இருக்கு. ஆசிலேட்டர், ஃபில்டர்னு எல்லாமே ஒரே இடத்துல வேணுமா? எல்ஸ் இருக்கு.

சரி, இதுல சிக்கல் எங்க வருது? இணையத்துல இருந்து நல்ல பேட்ச் ஒண்ணை இறக்கித் திறக்கறீங்க. பாதிப் பெட்டிகள் புள்ளிக்கோட்டோட செத்துக் கிடக்கு. பக்கத்து ஜன்னல்ல 'குடுன்ட் கிரியேட்'னு சிவப்பு எழுத்து ஓடுது. அந்தப் பேட்ச் யாரோ ஒருத்தரோட எக்ஸ்டர்னலை நம்பிச் செஞ்சது, அது உங்க கம்ப்யூட்டர்ல இல்லைன்னு அர்த்தம்.

இது எவ்வளவு பெரிசா நடக்கலாம்னு பாருங்க. ஒரு காலத்துல பிடி-எக்ஸ்டென்டட்னு ஒரு பதிப்பு இருந்துச்சு. எக்கச்சக்கமான எக்ஸ்டர்னல்களை ஒரே மூட்டையா கட்டிக் கொடுத்தாங்க. பாடம் நடத்தினவங்க, கலைஞர்கள்னு நிறையப் பேர் அதையே பிடின்னு நினைச்சுப் பயன்படுத்தினாங்க. 2013-க்குப் பிறகு அதுக்குப் புதுப் பதிப்பு வரல. அதை நம்பிச் செஞ்ச பேட்ச்கள் புதுக் கம்ப்யூட்டர்கள்ல அரைகுறையாத் திறந்துச்சு. மூட்டையைத் தொடர்ந்து பராமரிக்க ஆள் இல்லாமப் போச்சு, அவ்வளவுதான் விஷயம்.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். எக்ஸ்டர்னல் ஒவ்வொண்ணும் இரவல். அதைச் சேர்க்கும்போது அதைப் பராமரிக்கற ஆளையும் சேர்த்து நம்பறோம். இரவல் வாங்கலாம், தப்பில்ல. தெரிஞ்சு வாங்கணும்.

தேடறது இப்போ ரொம்ப சுலபம். 2016-ல வந்த 0.47 பதிப்புல இருந்து டெக்கன் என்ற தேடுகருவி பிடி உள்ளேயே இருக்கு. மெனுவுல 'ஃபைண்ட் எக்ஸ்டர்னல்ஸ்'னு தட்டி, பேரை எழுதினா பட்டியல் வரும். உடனே மேல இருக்கறதைச் சொடுக்காதீங்க. மூணு விஷயம் பாருங்க. ஏத்தின தேதி என்ன? உங்க இயங்குதளத்துக்கும் 64 பிட் பிடிக்கும் பொருந்துதா? மத்த இயங்குதளங்களுக்கும் பதிப்பு இருக்கா? விண்டோஸுக்கு மட்டும் இருக்கற எக்ஸ்டர்னலை நம்பினா, லினக்ஸ் வச்சிருக்கற நண்பர்கிட்ட உங்க பேட்ச் முழுசா ஓடாது.

இறக்கின பிறகு 'டிக்ளேர்' என்ற பெட்டியை பேட்சுக்குள்ள வச்சு, எந்த நூலகம் வேணும்னு அதுல எழுதிடுங்க. பேட்சை யார் திறந்தாலும் என்ன குறையுதுன்னு ஒரு பார்வையில புரியும். முக்கியமான வேலைன்னா எக்ஸ்டர்னல் கோப்புறையையே பேட்ச் பக்கத்துல நகல் எடுத்து வைங்க. ஊருக்குக் கிளம்பறப்போ கட்டுச்சோறு கட்டிக்கற மாதிரி.

இப்போ நாமே கட்டறது. உடனே சி மொழிக்குப் போகத் தேவையில்ல. பிடில எந்தப் பேட்சையும் ஒரு பேர் வச்சுச் சேமிச்சா, அந்தப் பேரையே இன்னொரு பேட்ச்ல பெட்டியா எழுதலாம். இதுக்கு அப்ஸ்ட்ராக்ஷன்னு பேர். இது வெறும் உரைக்கோப்பு, அதனால எல்லா இயங்குதளத்துலயும் ஓடும். உள்ளே அடிப்படைப் பெட்டிகளை மட்டும் வச்சா இரவலே இல்ல.

இதுல ஒரு கண்ணி இருக்கு. எதிரொலிக்கு ஒரு அப்ஸ்ட்ராக்ஷன் செஞ்சு, அதை ரெண்டு இடத்துல வைக்கறீங்க. ரெண்டும் ஒரே பேர்ல தாமத நினைவகம் வச்சிருந்தா ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். அந்தப் பேருக்கு முன்னால டாலர் குறியும் பூஜ்யமும் போடுங்க. ஒவ்வொரு நகலுக்கும் பிடியே தனி எண் கொடுத்துடும்.

அப்போ சி எதுக்கு? பிடி ஒலியை 64 சாம்பிள் கொண்ட கட்டு கட்டாத்தான் கணக்குப் போடும். அதனால வெளியே வர்ற ஒலியைத் திருப்பி உள்ளே விட்டா, குறைஞ்சது ஒரு கட்டு தாமதம் விழும். ஒவ்வொரு சாம்பிளும் முந்தின சாம்பிளை நம்பியிருக்கற ஃபில்டரை இப்படிக் கட்ட முடியாது. கட்டு அளவை 1 ஆக்கலாம், ஆனா சிபியு திணறும். இந்த மாதிரி இடத்துலதான் சி எக்ஸ்டர்னலுக்கு உண்மையான தேவை வருது.

எழுதறப்போ ஒரு விதி. நொடிக்கு 44,100 சாம்பிள்னா, 64 சாம்பிளுக்குக் கிடைக்கற நேரம் சுமார் 1.45 மில்லிநொடி. மொத்த பேட்ச்சும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கணும். அதனால ஒலிக் கணக்கு ஓடற இடத்துல கோப்பு திறக்காதீங்க, புது நினைவகம் கேக்காதீங்க. அதையெல்லாம் பெட்டி பிறக்கறப்பவே முடிச்சிடுங்க. தாமதமானா 'டப் டப்'னு ஒலி அறுந்து கேக்கும். அப்புறம், சி-ல எழுதினதை ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனியா கம்பைல் பண்ணணும். அதை வெளியிட்டா, இப்போ நம்பப்படற ஆள் நீங்க. மூல நிரலையும் சேர்த்தே கொடுங்க. நீங்க விட்டுட்டாலும் வேற ஒருத்தர் எடுத்துக்க முடியும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்ங்க. எந்த எக்ஸ்டர்னலும் இல்லாத பிடில உங்க முக்கியமான பேட்சைத் திறந்து பாருங்க. எத்தனை பெட்டி செத்துக் கிடக்குன்னு எண்ணுங்க. அதுல எது நீங்களே அப்ஸ்ட்ராக்ஷனா கட்டக்கூடியதுன்னு பாருங்க. அதுல இருந்து ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.