வாஷிங்டன் கூட்டமும் ஒரு கூலிக் கணக்கும்



2009 ஜனவரி 20இல் பாரக் ஒபாமா அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அந்நாட்டின் முதல் கறுப்பின ஜனாதிபதி. அங்கே நண்பகல், நமக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணி. நான் கிராணி வேலைக்கு வந்த புதிது. விடிந்தால் பெரட்டு. இருந்தும் தொலைக்காட்சியை விட்டு எழவில்லை.

தண்ணீர் உறையும் குளிர். நாடாளுமன்றக் கட்டடம் முதல் லிங்கன் மண்டபம் வரை 2 மைல் தூரம் மனிதத் தலைகள். 18 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். தலைமை நீதிபதி பிரமாண வாசகத்தை முன்பின்னாகச் சொல்லிவிட்டு மறுநாள் திரும்பவும் செய்துவைத்தார். பிழை கிராணிக்கு மட்டும் சொந்தமல்ல!

ஒபாமா நின்ற அந்தக் கட்டடத்தை முதலில் எழுப்பியவர்களில் கறுப்பின அடிமைகளும் உண்டு. அவர்கள் வேலைக்குக் கொடுத்த பணத்தின் அரசாங்கக் கணக்கு இன்றும் இருக்கிறது. ஆளுக்கு மாதம் 5 டாலர். வாங்கிக்கொண்டவன் எசமான், கல் சுமந்தவன் கைக்கு அது போகவில்லை. அந்தக் கணக்கை எழுதியவனும் என்னைப்போல் ஒரு கிராணிதானே, தோழர்களே!

அன்று காலைப் பெரட்டில் செக்ரோலைத் திறந்து, ஒவ்வொருவரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கங்காணி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.