நல்லெண்ணத்தையும் ஆராய்ந்தவர்

களவும் பொய்யும் பாவம் என்பதைச் சிறுபிள்ளையும் ஞானோபதேச வகுப்பிலே கற்றுவிடுகிறது. எதிரே நிற்கும் இரண்டு காரியங்களும் நல்லனவாகவே தோன்றும்போதுதான் வளர்ந்தோரும் தடுமாறுகிறார்கள். அத்தடுமாற்றத்தைத் தம் வாழ்விலே நன்கு அனுபவித்து, தெளிந்த வழியைப் பிறர்க்கும் எழுதிவைத்தவர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார்.

ஸ்பெயின் தேசத்துப் பிரபு குலத்தவராகிய அவர், 1521ஆம் ஆண்டு மே மாதம் பம்பலோனாக் கோட்டையைக் காக்கும் போரிலே பீரங்கிக் குண்டினாற் கால் முறிந்து, லொயோலாவிலுள்ள தம் இல்லத்துக்குக் கொண்டுவரப்பட்டார். படுக்கையிலே பொழுதுபோக்க வீரர் கதைகளைக் கேட்டார். அவை அங்கே இருக்கவில்லை. கிறிஸ்துநாதரின் சரித்திரமும் புனிதர்களின் சரிதங்களுமே கிடைத்தன. ஒரு வேளை, உயர்குலப் பெண்மணி ஒருத்தியின் பொருட்டுத் தாம் செய்யப்போகும் வீரச்செயல்களை எண்ணி மூன்று நான்கு மணி நேரம் மெய்மறந்திருப்பார். மற்றொரு வேளை, வெறுங்காலோடு எருசலேமுக்கு யாத்திரை போவதை எண்ணுவார். எண்ணும்போது இரண்டுமே இனித்தன. ஆயின், முன்னையது நீங்கியதும் உள்ளம் வறண்டு கிடந்தது. பின்னையது நீங்கிய பிறகும் மகிழ்ச்சி எஞ்சி நின்றது. எண்ணம் எதை விட்டுச்செல்கிறது என்று பார்க்க அவர் பழகியது அப்போதுதான்.

பாடம் கற்றவுடன் விவேகம் வந்துவிடுமா? 1522இல் மொன்செராத் மலையை நோக்கிக் கோவேறு கழுதையிலே செல்லும் வழியில் மூர் இனத்தவர் ஒருவர் உடன் வந்தார். தேவமாதாவின் கன்னிமையைப் பற்றி இருவர்க்கும் வாதம் எழுந்தது. அவர் விரைந்து முன்னே சென்றுவிட, மாதாவின் மகிமையைக் காக்கத் தவறினோமே என்று இஞ்ஞாசியார் உள்ளங் கொதித்தார். அவரைத் தேடிச் சென்று குத்திவிடவும் எண்ணினார். முடிவு காணமாட்டாமல், பாதை பிரியுமிடத்திலே கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை ஊர்ப்பக்கம் திரும்பினாற் குத்துவது. பெருவழியே சென்றால் விட்டுவிடுவது! நல்லகாலம், அது பெருவழியே சென்றது. ஒரு மனிதரின் உயிர் விலங்கொன்றின் கால்களிலே தொங்கிய அந்நாழிகையை அவர் முதுமையிலே மறைக்காது சொல்லிவைத்தார். பக்திக்கு அன்று குறைவில்லை.

பின்னர் மன்றேசாவிலே, உறங்கச் செல்லும் வேளையிற் பேரானந்தமான ஞான ஆறுதல்கள் வந்து, இருந்த சிறு உறக்கத்தையும் கவர்ந்தன. செபத்துக்கென்று பகலிலே பல மணி நேரம் கொடுத்திருக்க இவை இரவையும் கொள்வானேன் என்று ஆராய்ந்து, அவற்றை ஒதுக்கிவிட்டு உறங்கினார்.

பார்சலோனாவிலே நடந்தது இன்னும் கருதத்தக்கது. முப்பது வயதைக் கடந்தவர், சிறுவர்க்குரிய இலத்தீன் இலக்கணத்தைக் கற்கத் தொடங்கினார். மனனஞ் செய்ய அமர்ந்தாற் போதும், புதிய புதிய ஞான விளக்கங்கள் உள்ளத்திலே பெருகும், பாடம் ஏறாது. பூசையிலும் செபத்திலும்கூட வாராத தெளிவு இலக்கணத்தின் முன்னே மட்டும் வருவதேன்? இது சோதனையே என்று கண்டார். சாந்தா மரியா தெல் மார் கோயிலுக்கு ஆசிரியரை வரவழைத்து, உண்ண அப்பமும் பருகத் தண்ணீரும் கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகளும் பாடத்தைத் தவறவிடுவதில்லை என்று வாக்களித்தார். அச்சோதனை மீண்டும் வரவில்லை.

இத்தகைய சோதனை புனிதர்க்கு மட்டும் உரியதன்று. மாணவரின் கொப்பிகள் திருத்தப்படாமல் மேசையிலே குவிந்திருக்க, மாலைதோறும் பங்குக் கோயிற் சங்கக் கூட்டத்துக்கு விரையும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கூட்டம் நல்லதே, அங்கே அவரைப் புகழ்வாரும் உண்டு. கொப்பி திருத்துவதைப் புகழ்வார் எவரும் இல்லை.

பாப்பரசர் மூன்றாம் பவுல் 1548இல் அங்கீகரித்த 'ஞானப் பயிற்சிகள்' என்னும் நூலிலே இஞ்ஞாசியார் இதற்கொரு வழி கூறுகிறார். உள்ளம் சோர்ந்து இருண்டிருக்கும்போது முன்செய்த நல்ல தீர்மானத்தை மாற்றலாகாது என்பது அந்நூலின் பிரசித்தமான விதி. அதனினும் எளியது மற்றொன்று. முன்பின் கண்டறியாத ஒருவர் இதே நிலைமையில் வந்து ஆலோசனை கேட்பதாகப் பாவித்து, அவர்க்குச் சொல்லக்கூடியதைத் தாமே செய்ய வேண்டும் என்கிறார்.

அந்த ஆசிரியர், அறியாத வேறோர் ஆசிரியர்க்கு என்ன சொல்வார்? கொப்பிகளைத் திருத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள் என்றுதான் சொல்வார்.