சூரியனும் சூரிய பகவானும்



சுயமரியாதைக்காரர்களுக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். இந்தச் சம்பந்தம் நாம் உண்டாக்கியதல்ல. ஏழு குதிரை, ஒற்றைச் சக்கரத் தேர், தொடையில்லாத சாரதி என்று கதை கட்டி, கிரகணத்துக்கு ஒரு தட்சணை, சங்கராந்திக்கு ஒரு தட்சணை, சூரிய தசைக்கு ஒரு தட்சணை என்று நம் மடியில் கை வைக்கிறவர்கள் உண்டாக்கியது. ஆகவே அங்கே உண்மையில் நடப்பதென்ன என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

சூரியன் சுமார் 9 கோடியே 30 லட்சம் மைல் தூரத்திலுள்ள ஒரு ஆவிப் பிழம்பு. அங்கே மண்ணுமில்லை, கல்லுமில்லை. தேர் ஓடப் பாதையுமில்லை. சூட்டின் கடுமையால் அணுக்கள் உடைந்து, மின்சாரம் ஏறிய ஆவியாக நிற்கின்றன. அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். அது காந்த சக்திக்குக் கட்டுப்பட்டது. சூரியப் புள்ளிகளில் காந்த சக்தி இருப்பதை 1908ல் அமெரிக்காவில் ஹேல் என்பவர் கண்டார். மறுவருஷம் நம் கொடைக்கானல் மலையிலேயே எவர்ஷெட் என்பவர், அப்புள்ளிகளிலிருந்து ஆவி வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டார்.

இனி முக்கிய சங்கதிக்கு வருவோம். சூரியனுடைய விளிம்பைத் தக்க கருவியால் பார்த்தால் தீப்பற்றிய புல்வெளி போல் தோன்றும். அதில் ஒவ்வொரு புல்லும் ஒரு பிளாஸ்மாப் பீச்சு. செக்கண்டுக்குச் சுமார் 15 மைல் வேகத்தில் கிளம்பி, 6,000 மைல் உயரம் வரையில் போய், ஐந்து பத்து நிமிஷத்தில் மறைந்துவிடும். 1870களில் ரோமாபுரியில் இதைப் பார்த்து விவரித்த செக்கி என்பவர் ஒரு பாதிரியார்தான். ஆனால் அவர் ஜபமாலை உருட்டி இதைக் காணவில்லை. தூரதிருஷ்டிக் கண்ணாடியால்தான் கண்டார்.

இந்தப் பீச்சுகள் அசையாமல் நிற்பதில்லை. இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டினால் அதிர்வதுபோல், பிளாஸ்மாவிலுள்ள காந்தக் கோடுகளிலும் அலை ஓடும் என்று 1942ல் ஸ்வீடன் தேசத்து ஆல்வேன் கணக்குப் போட்டுச் சொன்னார். 2006ல் ஜப்பானியர் ஆகாயத்தில் அனுப்பிய ஹினோடே என்ற கருவி, பீச்சுகள் பக்கவாட்டில் ஆடுவதைப் படம் பிடித்துக் காட்டிற்று.

அலை எப்போதும் அடங்கியே இருக்குமா? இராது. நம் ஊர் ஏரியைப் பாருங்கள். இளங்காற்றில் நீர் சிலிர்க்கிறது. காற்று பலத்தால் அலை எழும்பிச் சுருண்டு உடைகிறது. ஒட்டி ஓடும் இரண்டு பொருள்களின் வேகம் வேறுபட்டால் எல்லை குலையும் என்பதை 1868ல் ஹெல்ம்ஹோல்ட்சும் 1871ல் கெல்வினும் ஆராய்ந்தார்கள். சூரியனிலும் இதே விதிதான். பீச்சோடு ஓடும் காந்தக் கோடுகள் கயிறுபோல் அதை இழுத்துப் பிடிக்கின்றன. வேகம் அந்தப் பிடிப்பை மிஞ்சினால் ஓரம் சுருண்டு சுழலாகி உடைகிறது. 2010 நவம்பர் 3ந் தேதி சூரியனிலிருந்து வெடித்தெழுந்த ஒரு ஆவித் திரளின் பக்கத்தில் இச்சுருள்கள் வரிசையாக நின்றது படத்தில் பதிந்திருக்கிறது. ஏரிக்கு ஒரு சட்டம், பகவானுக்கு ஒரு சட்டம் என்பது இயற்கையிடம் இல்லை!

இதனால் ஒரு பெரிய புதிருக்கு வழி பிறக்கிறது. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதற்கு மேலே, பூரண கிரகணத்தில் வெண்மையாகத் தெரியும் கொரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கு மேல். அடுப்பை விட்டு விலக விலகச் சூடு ஏறுவது எப்படி? அலைகள் சக்தியைச் சுமந்துபோகின்றன, அவை குலைந்து உடையும்போது அது சூடாக மாறுகிறது என்பது ஒரு விடை. சிறு சிறு காந்த வெடிப்புகள் என்பது மற்றொரு விடை. எதற்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

உடனே புரோகிதர், “பார்த்தீர்களா, விஞ்ஞானிக்கே தெரியவில்லை, அதுதான் பகவான் லீலை” என்பார். தோழர்களே! தெரியாததற்கெல்லாம் பகவான் என்று பெயர் வைத்தால், தெரியத் தெரிய பகவான் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். 1869ல் ஒரு கிரகணத்தின்போது கொரோனாவில் ஒரு பச்சை ஒளிக்கோடு தெரிந்தது. அது பூமியில் இல்லாத புதுப்பொருள் என்று எண்ணி, கொரோனியம் என்று பெயரும் வைத்தார்கள். சுமார் 70 வருஷம் கழித்து குரோட்ரியனும் எட்லேனும் ஆராய்ந்தபோது, அது கடுஞ்சூட்டில் 13 எலக்ட்ரான்களை இழந்த சாதாரண இரும்பு என்று விளங்கிற்று. கொரோனியத்தைப் புத்தகத்திலிருந்து அடித்துவிட்டார்கள். யாரும் அவர்களை நாஸ்திகர் என்று தூற்றவில்லை. அப்படித் தப்பென்று கண்டு அடித்த வரி ஒன்று எந்தப் புராணத்திலாவது உண்டா?

இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சியுமல்ல. 1989 மார்ச்சு 13ந் தேதி சூரிய வெடிப்பினால் எழுந்த காந்தப் புயலில், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் ஜனங்கள் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள். இவ்வித ஆபத்தை முன்கூட்டி அறிய உதவுவது அர்ச்சனையா, ஆராய்ச்சியா? 2023ல் நம் தேசமும் சூரியனைக் காண ஒரு கருவியை அனுப்பியது. அதற்கு ஆதித்யா என்று புராணப் பெயர். ஆனால் பார்ப்பதென்னவோ கண்ணாடியும் கணக்கும்தான்.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அடுத்த கிரகணத்தன்று கர்ப்பிணிப் பெண்ணை இருட்டறையில் பூட்டி, பட்டினி போட்டு, தோஷப் பரிகாரம் என்று காசு கேட்டு வருகிறவரிடம், “சூரியனில் ஓடும் பீச்சின் வேகம் என்ன, அதை நீர் எப்படி அளந்தீர்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் தட்சணை கொடுங்கள். வராவிட்டால், அந்தக் காசுக்கு உங்கள் பிள்ளைக்கு ஒரு விஞ்ஞானப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.